சாம்பா எங்கிருந்து வந்தது? அங்கோலாவா, பஹியாவா, ரியோவா?

இழையைத் தொடங்கியவர்: நெய்தல்வாசி, ஜனவரி 9

பிரேசிலின் ஆட்டமும் இசையுமான சாம்பா என்பது அங்கோலாவின் செம்பா. அடிமைகளோடு கப்பலேறி பிரேசிலுக்குப் போனது, அங்கே இறகும் ஜிகினாவும் ஒட்டிக்கொண்டது. பெயரிலேயே விடை இருக்கிறது. இதற்கு மேல் என்ன ஆராய்ச்சி? மறுப்பவர்கள் வரலாம்.

---

ஜனவரி 9, இரவு

மறுப்பவன் வந்துவிட்டேன். ஆனால் பாதியைத்தான் மறுப்பேன்.

ஆப்பிரிக்கா என்பதில் சண்டையே இல்லை. அட்லாண்டிக்கைக் கடத்திக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் சுமார் 48 லட்சம் பேர் இறங்கியது பிரேசிலில்தான். வேறெந்த நாடும் பக்கத்தில்கூட வராது. அவர்களில் பெரும்பங்கு அங்கோலா, காங்கோ கரையிலிருந்து வந்தவர்கள். ரியோவின் வலோங்கோ துறையில் மட்டும் எத்தனையோ லட்சம் பேர். அந்தத் துறையின் கற்களை மூடி, மேலே வேறொரு துறை கட்டி, அதையும் மூடி மறந்துபோயிருந்தார்கள். 2011-இல் துறைமுகப் பகுதியைப் புதுப்பிக்கத் தோண்டியபோது மறுபடி வெளியே வந்தது. 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

நீங்கள் சொல்லும் செம்பாவின் கதை வேறு. இன்று லுவாண்டாவில் கிதாரோடு வாசிக்கப்படும் செம்பா என்ற இசை உருப்பெற்றது 1940-களின் பிற்பகுதியில். அதற்கு முன்னோடியான ங்கோலா ரிட்மோஸ் குழு தொடங்கியது 1947-இல். அப்போது ரியோவில் சாம்பாப் பள்ளிகள், அதாவது கார்னிவல் திருவிழாவில் ஆடிப் பாடும் பேட்டைக் குழுக்கள், போட்டி வைத்து ஊர்வலம் போக ஆரம்பித்துப் பதினைந்து வருடம் ஆகிவிட்டது. இரண்டையும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அம்மா, பிள்ளை என்றால் தேதி இடிக்கிறது.

அந்தப் பாட்டி யார் என்று கேட்டால், வட்டமாக நின்று கை தட்டி, நடுவில் ஒருவர் ஆடி, ஆடி முடித்தவர் அடுத்தவரின் வயிற்றோடு வயிறு லேசாக இடித்து அழைக்கும் ஆட்டம். பிரேசிலில் இதற்கு உம்பிகாடா என்று பெயர். இது கடலின் இரு கரையிலும் இருந்தது, பழையது.

---

ஜனவரி 10

"நேரில் பார்த்த மாதிரி எழுதுகிறீர்களே" என்று ஒருவர். பார்த்தேன். ரியோவில் கடல்சார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தபோது துறைமுகப் பக்கம்தான் தங்கியிருந்தேன். கம்போவா, சாவுஜி பக்கம். திங்கட்கிழமை இரவானால் பெட்ரா டோ சால் பாறைப் படிகளுக்குக் கீழே சாம்பா வட்டம் கூடும். மேடை கிடையாது. நடுவில் ஒரு மேசை, அதைச் சுற்றி வாத்தியக்காரர்கள் உள்முகமாக உட்கார்ந்திருப்பார்கள். நமக்குத் தெரிவது அவர்கள் முதுகுதான். ஜனம் தோளோடு தோள் இடித்து நிற்கும். முதல் தடவை போனபோது ஆட்டம் பார்க்கத்தான் போனேன். ஆடியவர்கள் கொஞ்சம் பேர். மற்ற அத்தனை பேரும் பாட்டை வரிக்கு வரி பாடினார்கள். தொலைக்காட்சியில் பார்த்த சாம்பாவில் யாரும் பாடியதாக எனக்கு ஞாபகமே இல்லை.

---

ஜனவரி 13

பஹியாவைத் தொடாமல் இந்த இழை நகராது.

பஹியா பிரேசிலின் வடகிழக்கு மாநிலம். அங்கே ரெகோன்காவோ என்று ஒரு பகுதி. வளைகுடாவைச் சுற்றிய கரும்பு, புகையிலை நிலம். சாந்தோ அமாரோ, கஷோயெரா, சாவ் ஃபெலிக்ஸ் எல்லாம் அங்கேதான். அங்கே ஆடப்படுவது சாம்பா டி ரோடா, அதாவது வட்டச் சாம்பா. யுனெஸ்கோ 2005-இல் அங்கீகரித்தது.

இதில் எனக்குப் பிடித்த வாத்தியம் சாப்பாட்டுத் தட்டு. உண்மையாகவே தட்டுதான். பூச்சுப் போட்ட தட்டை இடது கையில் சாய்த்துப் பிடித்து, சமையல் கத்தியின் முனையால் விளிம்பை உரசிக்கொண்டே போவார்கள். சர்க்-சர-சர்க் என்று ஒரு கரகரப்பு. தோல் கருவிகளுக்கு இடையில் அது தனியாகக் கேட்கும். வாசிப்பவர்கள் அநேகமாகப் பெண்கள். டோனா எடித் டோ பிராட்டோ என்று சாந்தோ அமாரோக்காரர் ஒருவர் இதற்காகவே பேர்பெற்றவர். பிராட்டோ என்றால் தட்டு, பேரிலேயே ஒட்டிக்கொண்டது. 1973-இல் பாடகர் கயேட்டானோ வெலோசோவின் இசைத்தட்டு ஒன்றில் வாசித்திருக்கிறார்.

அடுத்தது ஒழுங்கு. சாம்பா சூலா என்ற வகையில், ஆண்கள் சூலா என்ற பாட்டைப் பாடும்போது யாரும் ஆடக்கூடாது. பாட்டு முடிந்து வாத்தியம் மட்டும் ஓடும்போது ஒரு பெண் நடுவுக்கு வருவார். ஒரே ஒருவர்தான். பாதம் தரையை விட்டு எழும்புகிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குச் சின்னச் சின்ன உரசல் அடிகள். அதை மியூஜின்யோ என்கிறார்கள். வட்டத்தைச் சுற்றி, வாத்தியக்காரர்கள் முன்னால் நின்று ஆடி மரியாதை செய்துவிட்டு, அடுத்தவரை இடித்து அழைத்துவிட்டுப் போவார்.

மஷேச்சி என்று ஒரு சின்ன நரம்புக் கருவியும் உண்டு. அதைச் செய்யத் தெரிந்த கடைசித் தச்சரும் இறந்துபோய், செய்முறையே அழியும் நிலைக்கு வந்துவிட்டது. யுனெஸ்கோ அங்கீகாரத்துக்குப் பிறகுதான் மறுபடி சொல்லிக்கொடுக்க ஏற்பாடு நடந்தது. பட்டியலில் பேர் வருவதெல்லாம் பந்தா என்று நினைப்பவன் நான். இந்த ஒரு விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன்.

---

ஜனவரி 13, பின்னிரவு

வீட்டில் தட்டையும் கத்தியையும் எடுத்துப் பார்த்தேன். எவர்சில்வர் சரிப்படாது. முயற்சி செய்யாதீர்கள், குறிப்பாக வீட்டில் மற்றவர்கள் தூங்கும்போது.

---

ஜனவரி 17

"பஹியாவில் பிறந்ததை ரியோக்காரன் திருடிவிட்டான்" என்று கொந்தளிப்பவர்களுக்கு: திருடவில்லை, பஹியாக்காரர்களே கொண்டுபோனார்கள். பெரும்பாலும் பெண்கள்.

ஹிலாரியா பட்டிஸ்டா டி அல்மெய்டா, 1854-இல் சாந்தோ அமாரோவில் பிறந்தவர். இருபது வயதைத் தாண்டியதும் ரியோவுக்கு வந்தார். தெருவில் பஹியா உடையில் உட்கார்ந்து இனிப்பு விற்றார். ஊர் அவரை தியா சியாட்டா என்றது, ஊருக்கே அத்தை. ஆப்பிரிக்க வழி வந்த கண்டோம்ப்ளே வழிபாட்டில் பொறுப்பு வகித்தவர். 1888 மே 13-இல் அடிமைமுறை ஒழிந்தபின் ஊர் ஊராக வந்து இறங்கிய ஜனத்துக்கு இப்படிப்பட்ட அத்தைகளின் வீடுதான் முதல் வாசல். சாப்பாடு, படுக்கை, வேலைக்குத் துப்பு, சாமி, இசை எல்லாம் ஒரே இடத்தில். அந்தப் பகுதியைத்தான் பின்னாளில் குட்டி ஆப்பிரிக்கா என்றார்கள்.

பிராசா ஓன்ஸி சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருந்த அவர் வீட்டின் அமைப்பை எல்லாரும் இப்படித்தான் விவரிக்கிறார்கள். முன்கூடத்தில் சோரோ, அதாவது புல்லாங்குழல், கிதார் என்று மரியாதையான இசை. பின்கட்டில் சாம்பா. கொல்லைப்புறத்தில் முரசும் வழிபாடும். தெருவில் நடந்துபோகும் போலீஸ்காரன் காதில் விழுவது முன்கூடம் மட்டும்தான். இதைப் படித்தபோது வீட்டைக் கட்டியவனை விட்டுவிட்டு, எதை எங்கே வைப்பது என்று தீர்மானித்த அந்த அம்மாவைத்தான் நினைத்தேன். குடியரசுத் தலைவர் வென்செஸ்லாவ் பிராஸின் காலில் ஆறாத புண்ணை அவர் ஆற்றினார், அதற்குக் கைம்மாறாகக் கணவருக்குக் காவல்துறைத் தலைவர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது என்றும் ஒரு கதை உண்டு. குடும்ப வழிக் கதை, அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் 1924-இல் இறந்தார். அந்த வீடு இப்போது இல்லை. 1944-இல் திறந்த வர்காஸ் பெருஞ்சாலை பிராசா ஓன்ஸியையே விழுங்கிவிட்டது.

---

ஜனவரி 19

"சாம்பாவைச் சட்டம் போட்டுத் தடைசெய்தார்கள்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி எழுதிய சட்டம் கிடையாது. 1890-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் கபொயெரா என்ற ஆட்டச் சண்டைக்கலை குற்றம், வேலையில்லாமல் சுற்றுவது குற்றம். கறுப்பு இளைஞன் கையில் பண்டேரோவோடு, அதாவது கஞ்சிரா மாதிரியான தோல் கருவியோடு, தெருவில் நின்றால் இரண்டாவதைக் காட்டிப் பிடித்துப்போகலாம். சாம்பா என்ற பேரே சட்டத்தில் வரவேண்டியதில்லை. அதுதான் வசதி.

ஜுவாவ் டா பையானா என்ற சாம்பாக் கலைஞரின் கதை இதற்குச் சரியான சாட்சி. 1908-இல் பென்யா திருவிழாவில் அவரது பண்டேரோவைப் போலீஸ் பிடுங்கிக்கொண்டது. பின்யேரோ மஷாடோ என்ற செல்வாக்குள்ள செனட்டர் வீட்டில் அவர் வாசிக்க வேண்டியிருந்தது, போகவில்லை. ஏன் வரவில்லை என்று செனட்டர் விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் புது பண்டேரோ ஒன்று செய்யச் சொல்லி, அதில் தன் பேரோடு பாராட்டு வாசகம் பொறித்துக் கொடுத்தார். அதன்பின் எந்தப் போலீஸ் அதைத் தொடும்?

அழகான கதை என்று பகிர்கிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வருகிறது. பெரிய மனிதர் கையெழுத்து இல்லாத பண்டேரோக்கள் என்ன ஆயின?

---

ஜனவரி 24

சரி, 1916-க்கு வருவோம். பொது அறிவுப் புத்தகங்களில் வரும் விடை: முதல் சாம்பா 'பெலு டெலிஃபோனி', இயற்றியவர் டோங்கா.

நடந்தது என்னவென்றால், 1916 நவம்பர் 27 அன்று டோங்கா தேசிய நூலகத்தில் இந்தப் பாட்டைத் தன் பேரில் பதிவு செய்தார். 1917 கார்னிவலில் பையானோ என்ற பாடகர் பாடிய இசைத்தட்டு ஊரைக் கலக்கியது. உடனே சண்டை. தியா சியாட்டா வீட்டில் எல்லாரும் சேர்ந்து கூட்டிக் கழித்துப் பாடியது அது. அந்த அம்மாவும், அவர் வட்டத்து ஹிலாரியோ ஜொவினோவும், சிஞ்யோவும் எங்களுக்கும் பங்கு உண்டு என்றார்கள். பத்திரிகையில் கேலிப் பாட்டே வந்தது. சாம்பா பறவை மாதிரி, பிடித்தவனுக்குச் சொந்தம் என்று சிஞ்யோ சொன்னதாகச் சொல்வார்கள். சொன்னவர் மீதே பின்னாளில் அதே புகார் வந்தது.

சாம்பா என்று லேபிள் ஒட்டிய இசைத்தட்டுகள் அதற்கு முன்பே இருந்தன. ஆக அந்தப் பதிவுச் சீட்டு காட்டுவதெல்லாம் யார் முதலில் மேசைக்குப் போனார் என்பதைத்தான். ஆனால் டோங்காவைத் திருடன் என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. அவரும் ஒரு பஹியா அத்தையின் மகன். கொல்லைப்புறப் பாட்டுக்குக் காசு உண்டு, காகிதம் இருந்தால்தான் அது கைக்கு வரும் என்று அந்த வட்டத்தில் முதலில் புரிந்துகொண்டவர்.

வரிகளிலும் ஒரு வேடிக்கை. பதிவில் இருப்பது கொண்டாட்டத்தின் தலைவர் தொலைபேசியில் சொல்கிறார் என்று. தெருவில் பாடியது காவல்துறைத் தலைவர் தொலைபேசியில் சொல்கிறார், இன்ன இடத்தில் சூதாட்டம் நடக்கிறது, வந்து ஆடு என்று. அன்றைய போலீஸுக்கும் சூதாட்டக்காரர்களுக்கும் இருந்த உறவைப் பற்றிய நக்கல்.

---

பிப்ரவரி 2

ரொம்ப நாளாக எழுத நினைத்தது. நீளமாக இருக்கும், விருப்பமில்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

நாம் இன்று சாம்பா என்று கேட்கும் துள்ளல் டோங்காவின் பாட்டில் கிடையாது. போட்டுக் கேளுங்கள். மஷீஷி மாதிரி இருக்கும், அதாவது ஐரோப்பாவின் போல்காவும் கியூபாவின் ஹபனேராவும் கறுப்பர் கையில் பட்டு உருமாறிய ரியோ ஆட்டம். அதன் தாளம் நமக்குச் சுலபம்: தகிட தகிட தக. எட்டுக்குள் மூன்று, மூன்று, இரண்டு. அடங்கிவிடும்.

1920-களின் கடைசியில் எஸ்டாசியோ என்ற பேட்டையில் இஸ்மாயெல் சில்வா, பிஜி, மார்சால் என்று இருபதுகளில் இருந்த சில பையன்கள் இதை மாற்றினார்கள். அவர்கள் சுழற்சி பதினாறு. அது எட்டு எட்டாக உடையாமல் ஏழும் ஒன்பதுமாக உடைகிறது. சொல்லிப் பாருங்கள்:

தக த தக தக
தக த தக தக தக

ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தில் மட்டும் ஓர் அடி. மொத்தம் ஒன்பது அடி. காலால் நான்கு எண்ணிக்கை போட்டுக்கொண்டே கையால் இதைத் தட்டிப் பாருங்கள், கை காலை விட்டு ஓடும், மறுபடி வந்து சேரும். டம்போரிம் என்ற உள்ளங்கை அளவுத் தோல் கருவியில் இதைத்தான் குச்சியால் அடிக்கிறார்கள்.

இதே ஒன்பது அடிச் சுழற்சி அங்கோலா, சாம்பியா எல்லைப் பகுதிகளில் இருப்பதை கெர்ஹார்ட் கூபிக் என்ற ஆஸ்திரிய ஆய்வாளர் காட்டியிருக்கிறார். நெய்தல்வாசி, கவனியுங்கள், உங்கள் அங்கோலா இங்கேதான் வருகிறது. பேரை விடுங்கள், டம்போரிம் அடியைப் பிடியுங்கள்.

பையன்கள் ஏன் மாற்றினார்கள்? இஸ்மாயெல் சொன்ன காரணம் படு சாதாரணம். பழைய சாம்பாவைப் பாடிக்கொண்டு தெருவில் நடக்க முடியவில்லை. கார்னிவலுக்கு நடந்து போக வேண்டும், கையை வீச வேண்டும். அதனால் "பும் பும் பட்டிகும்பும் ப்ருகுருண்டும்" என்று ஆக்கினோம் என்றார். அந்த வாய்த்தாளத்தையே பேராக வைத்து ஒரு பாட்டு கட்டி இம்பேரியோ செர்ரானோ பள்ளி 1982 கார்னிவலை வென்றது.

பிஜி 20 கிலோ வெண்ணெய் டின்னில் தோலை இழுத்துக் கட்டி அடிப்பெருமுரசு செய்தார் என்பது எல்லாரும் சொல்வது. அதுதான் சுர்டோ. இரண்டில் கனமான அடி இரண்டாவதில் விழும். ஒன்றில் எதிர்பார்த்துக் காலை வைப்பவன் தடுமாறுவான். நான் மாதக்கணக்கில் தடுமாறினேன். சமம் என்றால் முதல் அடி என்று ஊறிப்போன உடம்பு.

இதே பையன்கள் 1928 ஆகஸ்டில் தொடங்கிய டேஷா ஃபலார் குழுவைத்தான் முதல் சாம்பாப் பள்ளி என்பார்கள். உண்மையில் அது கார்னிவல் குழுதான். போட்டி வைத்த முதல் ஊர்வலம் 1932-இல், மாரியோ ஃபில்யோவின் விளையாட்டுப் பத்திரிகை நடத்தியது. வென்றது மங்கேரா பள்ளி.

---

பிப்ரவரி 3

வயதான காலத்தில் டோங்காவும் இஸ்மாயெலும் நேருக்கு நேர் மோதியது பிரசித்தம். எது சாம்பா என்று கேள்வி. டோங்கா தன் 'பெலு டெலிஃபோனி' என்றார். அது மஷீஷி என்றார் இஸ்மாயெல். பின் எது சாம்பா என்றதும் இஸ்மாயெல் தன் பாட்டு ஒன்றைச் சொன்னார். அது சாம்பாவே இல்லை, ஊர்வல மார்ச் என்றார் டோங்கா.

இரண்டு பேரும் சரி. இந்த இழையிலும் அதேதான் நடந்துகொண்டிருக்கிறது, என்ன, நம்மிடம் பாட்டு இல்லை.

---

பிப்ரவரி 8

ஆட்டத்தைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

இடுப்பை ஆட்டக் கற்றுக்கொள்ளாதீர்கள். பேட்டையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மா ஒருவர் என் இடுப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கீழே காட்டினார். ஒரு அடிக்குள் பாதம் மூன்று முறை எடையை மாற்றுகிறது. முழங்கால் தளர்ந்திருந்தால் இடுப்பு தானாக ஆடும். முழங்கால் விறைத்தால் என்ன ஆட்டினாலும் அது உடற்பயிற்சி. பஹியாவின் மியூஜின்யோவைப் பார்த்தபோதுதான் அந்த அம்மா சொன்னது விளங்கியது. குதிகால் செருப்பும் இறகும் ஏறிய பிறகும் பாதத்தில் ஓடுவது அந்த உரசல்தான், வேகம் மட்டும் கூடியிருக்கிறது.

ஜோடியாக ஆடும் சாம்பா டி கஃபியேரா தனி, மஷீஷி வழியில் வந்தது. ஐரோப்பியப் போட்டிகளில் சாம்பா என்று துள்ளுவது இன்னொன்று. அதை ரியோவில் ஆடிக் காட்டினால் மரியாதையாகக் கை தட்டுவார்கள், அவ்வளவுதான்.

---

பிப்ரவரி 15

"ஊர்வலம் வட்டத்தைக் கொன்றுவிட்டது" என்று நானே பல இடங்களில் பேசியிருக்கிறேன். வட்டத்தில் பார்வையாளன் கிடையாது. நீங்களும் கை தட்ட வேண்டும், இடிபட்டால் உள்ளே போக வேண்டும். 1984-இல் கட்டடக் கலைஞர் நீமேயர் வடிவமைத்த சாம்பாட்ரோம் என்ற ஊர்வல அரங்கில் சீட்டு வாங்கி உட்கார்கிறோம். 1935-இல் நகராட்சி ஊர்வலத்தை அங்கீகரித்துப் பணம் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து மதிப்பெண், நேரம், விதி எல்லாம் வந்தாயிற்று.

இப்போது அவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். காரணம், அதே விதிப்புத்தகத்தில் இருக்கும் ஒரு விதி. ஒவ்வொரு பள்ளியும் பையானாக்கள் அணியைக் கொண்டுவந்தே ஆக வேண்டும். பெரும்பாலும் வயதான பெண்கள், அகலப் பாவாடை, தலையில் துணிக்கட்டு, சுற்றிச் சுற்றி வருவார்கள். இனிப்பு விற்ற அத்தைகளின் உடை அது. யாரும் அவர்களுக்குத் தனியாக மதிப்பெண் போடுவதில்லை, ஆனால் இல்லாமல் போனால் பள்ளிக்குத் தண்டம். ஒரு பள்ளியின் ஒத்திகைக் கூடத்தில் அவர்கள் காலணியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, பையன்களின் தாளத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன். கொலைக்கு உடந்தையானவர்கள் மாதிரித் தெரியவில்லை.

---

பிப்ரவரி 16

மட்டக்களப்பிலிருந்து ஒருவர்: பைலாவும் இதன் உறவா? போர்த்துக்கீசர், ஆப்பிரிக்கர் இரண்டு பேரும் இலங்கைக்கும் வந்தவர்கள், உங்கள் ஊர்ப் பறங்கியர் காஃப்ரிஞ்ஞா ஆடுகிறார்கள் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அதன் நடை மூன்று மூன்றாக உருளும் ஆறு. சாம்பா இரண்டில் நிற்கும் பதினாறு. ஒரே பேரரசின் கப்பல்கள், வேறு வேறு கரைகள். இதற்கு மேல் நீட்டினால் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன்.

---

பிப்ரவரி 22

விட்டுப்போனது: ஜோங்கோ. பரைபா பள்ளத்தாக்கின் காப்பித் தோட்டங்களில் அடிமைகள் இரவில் தீ மூட்டி, பெரிய முரசுகளைச் சுற்றி ஆடியது. பாட்டு விடுகதையாக இருக்கும். முதலாளிக்குப் புரியாது, எதிராளி அவிழ்க்க வேண்டும். தோட்டம் நொடித்ததும் அந்த ஜனம் ரியோவின் மேடுகளுக்கு வந்தது. செர்ரின்யா மேட்டில் ஜோங்கோ ஆடிய குடும்பங்கள்தான் 1947-இல் இம்பேரியோ செர்ரானோவைத் தொடங்கியதில் முக்கியமானவர்கள். பஹியா மட்டுமே தாய்வீடு என்பவர்கள் இந்தப் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள். கேட்க வேண்டுமா, க்ளெமென்டீனா டி ஜெசுஸ் குரலைத் தேடுங்கள். வாலென்சாவில் பிறந்தவர், வீட்டு வேலை செய்தவர், அறுபது வயதுக்கு மேல்தான் மேடை ஏறினார்.

சாவ் பாலோவின் பிராபோரா யாத்திரைச் சாம்பாவும் உண்டு. பெரிய பும்போ முரசு, எழுத்தாளர் மாரியோ டி அன்ட்ராடி 1937-இல் கட்டுரையே எழுதியிருக்கிறார். ரியோக்காரர்களிடம் பேச்செடுத்தால் பேச்சை மாற்றுவார்கள்.

---

மார்ச் 1

"எதைக் கேட்பது, வரிசை சொல்லு" என்பவர்களுக்கு.

முதலில் 1917-இன் பையானோ பதிவு. தகிட தகிட தக தேடுங்கள். அடுத்து 1930 கார்னிவலுக்கு வந்த 'நா பவூனா'. தெருவின் தோல் கருவிகளை ஒலிப்பதிவு அறைக்குள் கொண்டுவந்த பதிவு அது. நடுவில் பதிமூன்று வருடம்தான், கேட்டால் வேறு நாடு போல இருக்கும். பிறகு ரெகோன்காவோ பதிவு எதையாவது போட்டுத் தட்டைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் குயீக்கா. அழுகிற மாதிரி, சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும், அதுதான். தோலின் நடுவில் உள்பக்கமாகக் கட்டிய மெல்லிய குச்சி, அதை ஈரத்துணியால் உருவுகிறார்கள், வெளிப்பக்கம் விரலால் தோலை அழுத்தினால் சுருதி ஏறும். குரங்கு என்று நினைத்த நண்பர் ஒருவர் இருக்கிறார், பேர் வேண்டாம்.

கடைசியில் மங்கேராவின் தாளக்குழு. மற்ற பள்ளிகளில் முதல் சுர்டோ அடித்ததும் இரண்டாவது சுர்டோ பதில் சொல்லும். மங்கேராவில் பதில் சுர்டோவே கிடையாது. இரண்டாவது அடி விழும், ஒன்றில் காலியாக விடுவார்கள். அந்தக் காலி இடத்தைக் கேட்டு அடையாளம் காண முடிந்தவர்கள் இங்கே வந்து எழுதுங்கள். நெய்தல்வாசிக்கு முதல் வாய்ப்பு.